கணித நுழைவுத் தேர்வு: நம் பிள்ளைகள் எந்த ‘கைடு’ வாங்குவது?

செப்டம்பர் பிறந்தால் எங்கள் மாலைப் படிப்பகத்துக்கு ஒரு கேள்வி வந்துவிடுகிறது. இந்த ஆண்டு அதைக் கேட்டவர் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவி. தன் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். அப்பா செங்கல் சூளையில் வேலை செய்கிறார். ‘அண்ணா, ஜாம் பரீட்சைக்கு அப்ளிகேஷன் போடப் போறேன். எந்த கைடு வாங்கட்டும்?’ என்று கேட்டார்.

சின்னக் கேள்விதான். புத்தகக் கடைக்காரரிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவார். போன ஆண்டு நாங்களும் அப்படிக் கடைக்காரரிடம் கேட்டுத்தான் வாங்கினோம். அதனால் எங்கள் படிப்பகத்துப் பெண் ஒருவருக்கு ஓர் ஆண்டு போனது. ஆகவே இந்த வாரப் பத்தியை இந்தக் கேள்விக்கே ஒதுக்குகிறோம்.

என்ன தேர்வு இது?

ஜாம் என்பது எம்.எஸ்சி. உள்ளிட்ட முதுநிலை அறிவியல் படிப்புகளுக்கான கூட்டு நுழைவுத் தேர்வு. ஆண்டுக்கொரு நிறுவனமாக, ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் இதை முறைவைத்து நடத்துகின்றன. கணிதம், இயற்பியல், வேதியியல் உட்பட ஏழு பாடங்களில் எழுதலாம். ஐ.ஐ.டி.களில் மட்டும் சுமார் 3,000 இடங்கள் இதன் வழியே நிரப்பப்படுகின்றன. பெங்களூரு நிறுவனத்திலும் என்.ஐ.டி.களிலும் சேருவதற்கும் இதே மதிப்பெண் பயன்படுகிறது. விண்ணப்பம் செப்டம்பரில் தொடங்கும். தேர்வு பிப்ரவரியில். இளநிலை இறுதியாண்டில் இருப்பவர்களும் எழுதலாம். வயது வரம்பு இல்லை.

எஸ்.சி.க்கு 15 விழுக்காடு, எஸ்.டி.க்கு 7.5 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. தமிழ்நாட்டில் 18 விழுக்காட்டுக்குள் 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு பெறும் அருந்ததியர் மாணவர்கள் இங்கே எஸ்.சி. என்ற ஒரே பிரிவில்தான் விண்ணப்பிக்க வேண்டும். பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கும் விண்ணப்பக் கட்டணம் பாதி.

ஐ.ஐ.டி. என்றால் பிளஸ் டூவிலேயே லட்சக்கணக்கில் பணம் கட்டிக் கோச்சிங் போனவர்களுக்கான இடம் என்றுதான் நம் ஊர்களில் எண்ணம். அந்த வாசல் நம் பிள்ளைகள் பலர் எட்டிப் பார்க்கும் முன்பே மூடிவிடுகிறது. ஜாம் மூன்றாண்டு கழித்துத் திறக்கும் இன்னொரு வாசல். அரசு கலைக் கல்லூரிகளின் கணித வகுப்புகளில் உட்கார்ந்திருப்பவர்களில் நம் பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், கணிசமானவர்கள். ஆனால் பி.எஸ்சி. கணிதம் முடித்தால் பி.எட்., பிறகு ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வுக்குக் காத்திருப்பு, அதுவரை தனியார் பள்ளியில் குறைந்த சம்பளம் என்ற ஒரே பாதைதான் அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. இப்படி ஒரு தேர்வு இருப்பதே மூன்றாம் ஆண்டின் நடுவில்தான் பலருக்குத் தெரிகிறது. தெரிந்த பிறகு கையில் இருப்பது நான்கைந்து மாதம். அந்த நேரத்தில் தவறான புத்தகம் ஒன்று கையில் விழுந்தால் மீள்வது கடினம்.

நாங்கள் செய்த தவறு

போன ஆண்டு எங்கள் படிப்பகத்திலிருந்து ஒரு பெண் தேர்வெழுதினார். எங்களில் கணிதம் படித்தவர் யாருமில்லை. தமிழ் எம்.ஏ. படித்தவர்கள், சட்டம் படித்தவர், ஐ.டி.ஐ. முடித்தவர் என்று சேர்ந்து நடத்துகிற இடம் அது. பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு கடையில் கேட்டோம். கடைக்காரர் தொள்ளாயிரம் பக்கத்தில் ஒரு கைடை எடுத்து வைத்தார். அட்டையில் நூறு சதவீத வெற்றி என்று போட்டிருந்தது. விலை 1,150 ரூபாய். புதுமைப் பெண் திட்டத்தில் அந்தப் பெண்ணுக்கு வரும் ஒரு மாதத் தொகையான 1,000 ரூபாயைவிட அதிகம். நூறு நாள் வேலையில் 2025-26-க்குத் தமிழ்நாட்டுக்கு ஒன்றிய அரசு அறிவித்த ஒரு நாள் கூலி 336 ரூபாய். அந்தக் கணக்கில் ஏறக்குறைய மூன்றரை நாள் உழைப்பு. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கிக் கொடுத்தோம். பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டோம்.

அந்தப் பெண் நான்கு மாதம் அதை மட்டுமே படித்தார். தேர்வில் தகுதி மதிப்பெண்ணைத் தொட முடியவில்லை. சிறிய இடைவெளிதான். முடிவு வந்த பிறகுதான் எங்களுக்குப் புத்தி வந்தது. கைடைத் தூக்கிக்கொண்டு ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியர் ஒருவர் வீட்டுக்குப் போனோம். அவர் ஒரு மணி நேரம் புரட்டிப் பார்த்தார்.

அந்தக் கைடில் நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்கள் வெக்டர் கால்குலஸ். இப்போதைய கணிதப் பாடத்திட்டத்தில் அப்படி ஒரு பகுதியே இல்லை. பழைய பாடத்திட்டத்துக்கு அச்சிட்ட புத்தகத்துக்குப் புதிய அட்டை போட்டிருக்கிறார்கள். பெரும்பாலான கணக்குகளுக்கு விடையாக ஏ, பி, சி, டி என்ற எழுத்து மட்டும் இருந்தது. ஏன் என்ற விளக்கம் இல்லை. சில விடைகள் தவறு. ஓரிடத்தில் தேற்றமே தவறாக இருந்தது. குரூப் தியரியில் லக்ராஞ்சி தேற்றம் என்று ஒன்று உண்டு. 12 உறுப்புகள் கொண்ட குரூப்பில் 5 உறுப்புகள் கொண்ட சப்குரூப் இருக்க முடியாது, ஏனென்றால் 5 என்ற எண் 12-ஐ மீதியின்றி வகுக்காது என்று அது சொல்கிறது. 12-ஐ மீதியின்றி வகுக்கும் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு சப்குரூப் கட்டாயம் இருக்கும் என்று அது சொல்லவில்லை. 12 உறுப்புகள் இருந்தும், 6 உறுப்புகள் கொண்ட சப்குரூப் இல்லாத குரூப் ஒன்று உண்டு. கைடு இரண்டையும் ஒன்றாக்கி எழுதியிருந்தது. தேர்வில் மாணவர்களைச் சோதிக்க விரும்பிக் கேட்கும் இடமே இதுதான் என்றார் பேராசிரியர்.

புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அவர் சொன்னது இது: ‘இதைப் படிச்சும் இந்த மார்க் வாங்கியிருக்குன்னா அந்தப் பொண்ணு கெட்டிக்காரி.’

எங்களுக்குத் தலை குனிந்தது. பிள்ளைக்குத் திறமை இருந்தது, உழைப்பும் இருந்தது. கையில் கொடுத்த புத்தகம் சரியில்லை. அதைக் கொடுத்தவர்கள் நாங்கள்.

தேர்வு எதைக் கேட்கிறது?

நல்ல கைடு எது என்று தெரிய, முதலில் தேர்வு எதைக் கேட்கிறது என்று தெரிய வேண்டும். கணினியில் எழுதும் மூன்று மணி நேரத் தேர்வு. 60 கேள்விகள், 100 மதிப்பெண். முதல் பிரிவில் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் 30 கேள்விகள். தவறினால் அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழியும். இரண்டாம் பிரிவின் 10 கேள்விகளில் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் சரியாக இருக்கலாம். சரியானவை எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தால்தான் மதிப்பெண். ஒன்றை விட்டாலும் பூச்சியம். மூன்றாம் பிரிவின் 20 கேள்விகளுக்குக் கொடுக்கப்பட்ட விடைகளே கிடையாது. எண்ணை நாமே கண்டுபிடித்துத் தட்டச்சு செய்ய வேண்டும். கடைசி இரண்டு பிரிவுகளிலும் தவறுக்கு மதிப்பெண் கழியாது.

அதாவது, மொத்தக் கேள்விகளில் பாதி, ஊகித்து எழுத முடியாத கேள்விகள். விடையை மனப்பாடம் செய்தவருக்கு அங்கே வேலையில்லை. ஒரு கூற்று ஏன் உண்மை, ஏன் பொய் என்று தெரிந்தவரே தேறுவார்.

கணிதம் படிக்காத வாசகருக்கும் புரியும்படி பேராசிரியர் எங்களுக்கு ஓர் உதாரணம் சொன்னார். 1 + 1/2 + 1/3 + 1/4 என்று முடிவில்லாமல் கூட்டிக்கொண்டே போகிறோம். கூட்டும் எண் சிறிதாகிக்கொண்டே வந்து பூச்சியத்தை நெருங்குகிறது. அப்படியானால் மொத்தமும் ஓரிடத்தில் நின்றுவிடும் என்றுதான் தோன்றும். நிற்காது. 1/3, 1/4 இரண்டையும் கூட்டினால் அரைக்கு மேல் வருகிறது. அடுத்த நான்கையும் கூட்டினால் மீண்டும் அரைக்கு மேல். அடுத்த எட்டையும் கூட்டினால் மறுபடி அரைக்கு மேல். இப்படி அரை அரையாகச் சேர்ந்து எந்த எல்லையையும் தாண்டிவிடும்.

மோசமான கைடு இந்தக் கணக்குக்கு ‘விடை: பி’ என்று போடும். சுமாரான கைடு ஒரு சூத்திரத்தின் பெயரைச் சொல்லும். நல்ல கைடு மேலே சொன்ன நாலு வரியை எழுதும். அந்த நாலு வரியைப் படித்த பிள்ளை, கேள்வி வேறு உருவத்தில் வந்தாலும் அடையாளம் கண்டுகொள்ளும். கோச்சிங் போகிற பிள்ளைக்கு அந்த நாலு வரியைச் சொல்ல ஓர் ஆசிரியர் இருக்கிறார். நம் பிள்ளைக்குப் புத்தகம்தான் ஆசிரியர். ஆகவே நமக்கு எந்தக் கைடு என்ற கேள்வி, எந்த ஆசிரியர் என்ற கேள்வியாகிவிடுகிறது.

கடையில் நின்றே பார்க்க வேண்டியவை

பேராசிரியரிடமும் அரசுக் கல்லூரிகளில் பணியாற்றும் இரண்டு கணித ஆசிரியர்களிடமும் கேட்டு, கணிதம் தெரியாத எங்களைப் போன்றவர்களும் செய்யக்கூடிய சோதனைகளைக் குறித்துக்கொண்டோம். படிப்பகம் நடத்துபவர்களும் பெற்றோரும் இதை வெட்டி வைத்துக்கொள்ளலாம்.

முதல் சோதனை, பாடத்திட்டம். தேர்வின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் இந்த ஆண்டுப் பாடத்திட்டத்தை இறக்கி அச்செடுத்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டும். கணிதத்தில் பெரிய பகுதிகள் மூன்று: மெய்ப் பகுப்பாய்வு; பல மாறிகளின் நுண்கணிதமும் வகைக்கெழுச் சமன்பாடுகளும்; நேரியல் இயற்கணிதமும் இயற்கணிதமும். ஆங்கிலத் தலைப்புகளைக் கைடின் பொருளடக்கத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். இல்லாத பாடங்கள் நிறைய இருந்தால் அது பழைய சரக்கு.

இரண்டாவது, விளக்கம். ஏதாவது பத்துக் கணக்குகளின் விடைப் பகுதியைத் திறந்து பாருங்கள். விடைக்கு எழுத்து மட்டும் போட்டிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். சரியான விடை ஏன் சரி என்பதோடு, மற்றவை ஏன் தவறு என்றும் எழுதியிருந்தால் அந்தக் கைடு உழைத்துச் செய்தது.

மூன்றாவது, வரையறை. கணக்குகளுக்கு முன்னால் அந்தப் பாடத்தின் வரையறைகளும் தேற்றங்களும் முழு வாக்கியங்களில் இருக்கின்றனவா? வெறும் சூத்திரப் பட்டியல் இருந்தால் அது ஏற்கெனவே படித்தவர் கடைசி வாரத்தில் திருப்பிப் பார்க்க மட்டுமே உதவும்.

நான்காவது, உண்மைச் சோதனை. பழைய வினாத்தாள்களும் அதிகாரப்பூர்வ விடைக்குறிப்புகளும் அதே இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் ஐந்து கேள்விகளைத் தேர்ந்தெடுத்துக் கைடின் விடையோடு ஒப்பிடுங்கள். ஒன்றில் தவறினால் யோசியுங்கள். இரண்டில் தவறினால் வாங்க வேண்டாம்.

ஐந்தாவது, மூன்று வகைக் கேள்விகளும் இருக்கின்றனவா என்பது. பல கைடுகள் முதல் வகையைக் குவித்துவிட்டு மற்ற இரண்டையும் பேருக்கு வைத்திருக்கின்றன.

பக்க எண்ணிக்கையும் அட்டைப்படமும், சென்ற ஆண்டு முதலிடம் பெற்றவரின் புகைப்படமும் இந்தச் சோதனைகளில் சேராது.

கைடுக்கு முன்னால் புத்தகம்

மூவரும் ஒருமித்துச் சொன்ன இன்னொன்று உண்டு. கைடு மூன்றாவதாக வர வேண்டியது. முதலில் பாடநூல், இரண்டாவது பழைய வினாத்தாள், அதற்குப் பிறகும் தேவைப்பட்டால் கைடு. நம் பிள்ளைகள் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கல்லூரியில் செமஸ்டர் தேர்வுக்கே ‘முக்கியக் கேள்விகள்’ நோட்டு வைத்துப் படித்துப் பழகியதால் வந்த பழக்கம் அது. பிள்ளைகளின் சோம்பலில் வந்ததாக யாரும் சொல்ல வேண்டாம்.

நல்ல செய்தி என்னவென்றால், தொடங்குவதற்கான புத்தகம் பல கல்லூரி நூலகங்களில் ஏற்கெனவே இருக்கிறது. எஸ்.ஆறுமுகம், ஏ.தங்கபாண்டி ஐசக் இருவரும் எழுதிய பாடநூல்கள் தமிழ்நாட்டுக் கணித மாணவர்களுக்குப் பழக்கமானவை. கல்லூரிப் பாடத்தை அவற்றில் நிறுவலோடு படித்து முடித்தால் அடித்தளம் கிடைக்கும். அடுத்த படியாக, மெய்ப் பகுப்பாய்வுக்கு பார்ட்டில், ஷெர்பர்ட் இருவரின் புத்தகத்தையும், குரூப் தியரிக்கு கேலியனின் புத்தகத்தையும் பரிந்துரைத்தார்கள். இரண்டும் தானே படிக்கும் மாணவரை மனதில் வைத்து, நிறைய எடுத்துக்காட்டுகளோடு எழுதப்பட்டவை. நேரியல் இயற்கணிதத்துக்கு எஸ்.குமரேசனின் புத்தகம். வால்டர் ருடினின் புத்தகம் புகழ்பெற்றது. ஆனால் தொடக்கத்திலேயே அதை எடுத்துக் கைவிட்டவர்கள் அதிகம் என்று எச்சரித்தார்கள். பெரிய பெயர் என்பதற்காகப் புத்தகம் வாங்கக் கூடாது. முதல் அத்தியாயத்தின் பத்துப் பக்கத்தைத் தானே படித்து, பயிற்சியில் பாதியையாவது போட முடிகிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

பணம் இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. மெய்ப் பகுப்பாய்வுக்கு யிர்ஜி லேபிலின் புத்தகமும், இயற்கணிதத்துக்கு தாமஸ் ஜட்சனின் புத்தகமும், நேரியல் இயற்கணிதத்துக்கு ஜிம் ஹெஃபரானின் புத்தகமும் அந்தந்த ஆசிரியர்களாலேயே இணையத்தில் இலவசமாக வைக்கப்பட்டுள்ளன. ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் வகுப்புகள் என்.பி.டெல். தளத்தில் இலவசம். இரண்டாம் ஆண்டிலேயே விழித்துக்கொண்டவர்களுக்கு, 1993 முதல் நடந்துவரும் எம்.டி.டி.எஸ். என்ற கணிதக் கோடைப் பயிற்சி முகாமும் உண்டு. சூத்திரத்தைவிட ‘ஏன்’ என்ற கேள்விக்கு முதலிடம் கொடுக்கும் முகாம் அது.

எல்லாம்தான் செல்போனில் இருக்கிறதே, பிறகென்ன குறை என்று சிலர் கேட்கிறார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு செல்போன், அதுவும் இரவில் அப்பா வந்த பிறகுதான் கைக்கு வரும் என்ற வீடுகளை அவர்கள் பார்த்ததில்லை. ஐந்து அங்குலத் திரையில் கணித நிறுவலைப் படிப்பது, சாவித்துவாரத்தின் வழியே சினிமா பார்ப்பது போல. அச்சடித்த தாள் வேண்டும். ஓரத்தில் பென்சிலால் எழுதிப் பார்க்க இடம் வேண்டும்.

ஆங்கிலம் என்னும் இரண்டாவது தேர்வு

ஜாம் வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டுமே. தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு இது தேர்வுக்குள் இன்னொரு தேர்வு. தமிழ்வழிப் பாடத்தில் குரூப் என்பதற்குக் ‘குலம்’ என்று பெயர். இதைப் படிப்பகத்தில் சொன்னபோது பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். கணிதத்தின் குலத்தில் பிறப்பை யாரும் கேட்பதில்லை. நான்கு விதிகளுக்கு உட்பட்டால் எதுவும் குலம்தான். இப்படித் தமிழில் கருத்தைப் பிடித்துக்கொண்ட பிள்ளை ஆங்கிலச் சொல்லுக்குப் போவது எளிது. கருத்து பிடிபடாமல் ஆங்கிலச் சொல்லை மட்டும் உருப்போட்ட பிள்ளைதான் திணறுகிறது.

உண்மையில் இடறுவது கணிதச் சொற்களிலும் அல்ல. ‘அட் மோஸ்ட்’ என்றால் அதிகபட்சம், ‘அட் லீஸ்ட்’ என்றால் குறைந்தபட்சம், ‘எக்ஸாக்ட்லி ஒன்’ என்றால் சரியாக ஒன்றே ஒன்று, ‘இஃப் அண்ட் ஒன்லி இஃப்’ என்றால் இரு பக்கமும் செல்லும் நிபந்தனை. இந்தச் சிறு சொற்களில்தான் மதிப்பெண் போகிறது. பழைய வினாத்தாள்களை எடுத்து, இப்படிப்பட்ட சொற்றொடர்களைத் தமிழ் விளக்கத்தோடு ஒரு நோட்டில் எழுதிவருகிறோம். நூறு பக்க நோட்டு ஒன்று போதும் போலிருக்கிறது. எந்தக் கைடிலும் இது இல்லை. தமிழ் படித்த எங்களால் செய்ய முடிந்த வேலை இது ஒன்றுதான் என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் மகிழ்ச்சி.

பாதி மதிப்பெண் என்ற ஏளனம்

இந்தத் தேர்வில் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கான தகுதி மதிப்பெண், பொதுப்பிரிவுக்கான தகுதி மதிப்பெண்ணில் பாதி. இதைச் சொல்லி ஏளனம் செய்பவர்கள் கல்லூரியிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது, தகுதி மதிப்பெண் வாசலை மட்டுமே திறக்கிறது என்பது. எந்த நிறுவனத்தில் இடம் என்பதைத் தரவரிசைதான் முடிவு செய்யும். உள்ளே போன பிறகு எல்லோருக்கும் ஒரே வகுப்பு, ஒரே தேர்வு.

நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது வேறு. பாதி எடுத்தால் போதும் என்று பாதிப் பாடத்தோடு நிறுத்திக்கொள்ள வைக்கிற கைடுகளும் வகுப்புகளும் உண்டு. ‘இந்த நாலு பாடத்தை மட்டும் பாருங்க, எஸ்.சி. கட்-ஆஃப் வந்துடும்’ என்று அக்கறையோடுதான் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். அப்படி உள்ளே போகிற பிள்ளை முதல் செமஸ்டரிலேயே தனியாகத் தவிக்கும். ஐ.ஐ.டி. ஆசிரியர்களில் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர் மிகக் குறைவு என்பதை நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசு அளித்த பதில்களே காட்டுகின்றன. அங்கே தோளில் கைபோட்டுத் தேற்ற நம்மவர் அருகில் இருப்பார் என்று எண்ணிப் போக முடியாது. பாடம் நம்மிடம் இருக்க வேண்டும். இடஒதுக்கீடு நம் உரிமை. அந்த உரிமையோடு போய் அங்கே நிலைத்து நிற்க முழுப் பாடமும் வேண்டும்.

முழுப் பாடத்தையும் படித்த உழைப்பு எங்கேயும் வீணாகாது. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் உள்ளிட்டவற்றுக்கான க்யூட் முதுநிலைத் தேர்வுக்கும், சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் நிறுவனத்தின் நுழைவுத் தேர்வுக்கும் அடித்தளம் இதே பாடங்கள்தான்.

யார் வாங்கித் தர வேண்டும்?

இதுவரை எழுதியது ஒரு மாணவி செய்ய வேண்டியது, ஒரு படிப்பகம் செய்ய வேண்டியது. இதோடு நிறுத்தினால் ‘நல்ல புத்தகமாகப் பார்த்து வாங்கிக்கொள்’ என்று பிள்ளையின் தலையிலேயே எல்லாவற்றையும் கட்டியதாகிவிடும்.

2024-இல் உத்தரப் பிரதேசத்தில் ஒரு தலித் தினக்கூலித் தொழிலாளியின் மகனுக்குத் தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. இடத்தை உறுதிசெய்யும் 17,500 ரூபாயை நேரத்துக்குள் கட்ட முடியாமல் அந்த இடம் கைநழுவியது. உச்ச நீதிமன்றம் வரை போய், அந்த ஆண்டு செப்டம்பர் 30 அன்றுதான் சேர்க்கை உத்தரவு கிடைத்தது. பெரிய தொகைகள் மட்டும் நம் வாசலை அடைப்பதில்லை. சின்னத் தொகை, தேவைப்படும் நாளில் கையில் இல்லாமல் போவதும் அடைக்கிறது. அவர் கதை நீதிமன்றத்தில் முடிந்ததால் நமக்குத் தெரிந்தது. 1,150 ரூபாய்க் கைடில் முடிந்துபோகும் கதைகள் எந்த நீதிமன்றத்துக்கும் போவதில்லை.

எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்காக ஒன்றிய அரசு கொண்டுவந்த புத்தக வங்கித் திட்டம் மருத்துவம், பொறியியல், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. அரசு கலைக் கல்லூரியின் பி.எஸ்சி. கணித மாணவி அந்தக் கணக்கில் வரவில்லை. மாவட்ட மைய நூலகத்திலும் நகராட்சி அறிவுசார் மையத்திலும் போட்டித் தேர்வுப் பகுதி இருக்கிறது. நாங்கள் போய்ப் பார்த்த இடங்களில் அலமாரி முழுக்க டி.என்.பி.எஸ்.சி., வங்கி, ரயில்வே புத்தகங்கள். அவையும் வேண்டும்தான். ஆனால் முதுநிலை அறிவியல் நுழைவுத் தேர்வுக்கு ஒரு புத்தகம்கூடக் கண்ணில் படவில்லை. நம் பிள்ளைகள் எழுத்தர் வேலைக்குப் படிக்கலாம், ஆராய்ச்சிக்குப் படிக்க மாட்டார்கள் என்று அந்த அலமாரி ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது போலிருக்கிறது.

பணம் இல்லை என்று சொல்ல முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20.01 விழுக்காடு, பழங்குடியினர் 1.10 விழுக்காடு. இந்த விகிதத்துக்கு ஏற்ப நிதி ஒதுக்கிச் செலவிடுவதை உறுதிசெய்யத்தான் 2024-இல் சட்டமன்றத்தில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம் நிறைவேறியது. ஒரு கல்லூரிக்கு ஐந்து பாடநூல்கள், ஒவ்வொன்றிலும் ஆறு படிகள் என்று வைத்துக்கொள்வோம். சராசரி விலை 700 ரூபாய் என்றாலும் மொத்தம் 21,000 ரூபாய். ஒரு திறப்பு விழாவின் பந்தல் செலவு.

ஆகவே மாவட்ட நிர்வாகத்தின் முன் மூன்று கோரிக்கைகளை வைக்கிறோம். ஒவ்வோர் அரசு கலைக் கல்லூரியிலும் முதுநிலை அறிவியல் நுழைவுத் தேர்வுகளுக்கான புத்தக வங்கி வேண்டும். ஆண்டு முழுவதும் கடனாகக் கொடுத்து, தேர்வு முடிந்ததும் திரும்பப் பெற்றால் போதும். எந்தப் புத்தகம் என்பதைக் கணித ஆசிரியர் குழு முடிவு செய்யட்டும். ஒப்பந்தக்காரர் முடிவு செய்ய வேண்டாம். இரண்டாவதாக, ஆதிதிராவிடர் நல விடுதிகளில் இரண்டாம் ஆண்டிலேயே இந்தத் தேர்வைப் பற்றிச் சொல்லி, விண்ணப்பிக்க உதவ வேண்டும். மூன்றாவதாக, பல்வேறு போட்டித் தேர்வுகளுக்குப் பயிற்சி அளிக்கும் தாட்கோவும் ‘நான் முதல்வன்’ திட்டமும் இந்தத் தேர்வை நம் மாவட்டக் கல்லூரிகளுக்குக் கொண்டுவர வேண்டும்.

1916-இல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். படிக்க ஆசையிருந்தால் எங்காவது போய்ப் படித்துக்கொள் என்று அவர் சொல்லவில்லை. பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க ஓர் இடத்தைக் கட்டினார். நூறு ஆண்டுகளுக்குப் பிறகு நாம் கேட்பது அதைவிடச் சிறியது. ஓர் அலமாரி, முப்பது புத்தகங்கள்.

இந்த ஆண்டு கேட்ட மாணவிக்கு நாங்கள் உடனே கைடு எதுவும் வாங்கித் தரவில்லை. கல்லூரி நூலகத்திலிருந்து இரண்டு பாடநூல்களை எடுத்துக்கொள்ளச் சொன்னோம். கடந்த ஆண்டுகளின் வினாத்தாள்களை அச்செடுத்துத் தைத்துக் கொடுத்திருக்கிறோம். டிசம்பரில் தேவைப்பட்டால் கைடு வாங்கலாம், அப்போது ஐந்து சோதனைகளையும் அவரே செய்வார் என்று பேசி வைத்திருக்கிறோம். போன ஆண்டு தவறிய பெண் இப்போது ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறார். இந்த முறையும் எழுதுகிறார். சனி, ஞாயிறு மாலைகளில் இருவரும் படிப்பகத்தில் எதிரெதிரே உட்கார்ந்து படிக்கிறார்கள். அந்தத் தொள்ளாயிரம் பக்கக் கைடு இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. அதில் தவறாக இருக்கும் விடைகளைக் கண்டுபிடிப்பதுதான் இப்போது அவர்களுக்குப் பயிற்சி. இதுவரை பதினேழு கண்டுபிடித்திருக்கிறார்கள்.